குளத்தில் விட்ட குளிசைகள்

வியாழக்கிழமை, காலை 5.40. யாழ்ப்பாணம் பஸ் நிலையம்.

மன்னாருக்குப் போகிறேன் என்றதும் வீட்டில் கேட்ட முதல் கேள்வி, நல்ல கருவாடு வாங்கிவர முடியுமா என்பதுதான். முடியாது, தண்ணீர் கொண்டுவரப் போகிறேன் என்றேன். முப்பது வருடம் என்னோடு குடும்பம் நடத்தியவள் என்பதால் மனைவி மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

உண்மையிலேயே தண்ணீர்தான். நான் ஓய்வுபெற்ற மருந்தாளர். ஆஸ்பத்திரி யன்னலுக்கு உள்ளே நின்று மாத்திரை, எங்கள் பேச்சில் குளிசை, எண்ணிக் கொடுத்தே தலை நரைத்தவன். இப்போது பல்கலைக்கழக ஆய்வொன்றுக்காக ஊர் ஊராகப் போய்த் தண்ணீர் மாதிரி எடுத்துக் கொடுக்கிறேன். கிருமியைக் கொல்ல மனிதர் விழுங்கும் மருந்துகள், அதாவது ஊரில் எல்லோரும் அன்ரிபயோட்டிக் என்று சொல்பவை, குளத்திலும் ஆற்றிலும் எவ்வளவு போய்ச் சேருகின்றன, அங்குள்ள கிருமிகளை என்ன செய்கின்றன என்பதுதான் ஆய்வு. போத்தல்கள் இரண்டு வகை. மருந்தைத் தேடுவதற்குக் கபில நிறக் கண்ணாடிப் போத்தல், ஏனென்றால் வெளிச்சம் பட்டால் சில மருந்துகள் அழிந்துவிடும். கிருமியைத் தேடுவதற்கு அவித்துத் துப்புரவாக்கிய வெள்ளைப் போத்தல். எல்லாவற்றையும் ஒரு ரெஜிபோம் பெட்டிக்குள் அடுக்கி, மடியில் வைத்துக்கொண்டு ஏறினேன்.

“பெட்டிக்குள்ள என்ன, மீனோ?” என்றார் கொண்டக்டர்.

“வெறும் போத்தல்.”

“வெறும் போத்தலுக்கு ஏன் ஐஸ் பெட்டி?”

விளக்கத் தொடங்கினேன். பாதியிலேயே அவர் எனக்கு நூற்று எண்பது ரூபாவும் பெட்டிக்கு அரை ரிக்கற்றும் போட்டுவிட்டார். விஞ்ஞானத்துக்கு இந்த நாட்டில் கிடைக்கும் மரியாதை அவ்வளவுதான்.

காலை 7.00. சங்குப்பிட்டிப் பாலம் கடந்து.

யாழ்ப்பாணத்தில் இருந்து பூநகரி வழியாக மன்னாருக்கு நூற்றிருபது கிலோமீற்றருக்குக் கொஞ்சம் குறைவு. பாலம் வந்த பிறகு இந்தப் பாதையில் பஸ் ஓடுகிறது, ஆனால் பாதை இன்னும் வரவில்லை. வெள்ளாங்குளம், இலுப்பைக்கடவை, விடத்தல்தீவு என்று செம்மண் புழுதிக்குள் பஸ் நீந்திக்கொண்டு போனது. வழிநெடுகத் தகரக் கொட்டில்கள். அவற்றின் பக்கத்தில் கல்லறுத்து அடுக்கிய குவியல்கள். பற்றைக்குள் கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகைகள் இன்னமும் நின்றன. அவற்றில் ஒன்றில் யாரோ உடுப்புக் காயப்போட்டிருந்தார்கள். பயப்பட்டு முடிந்த ஆட்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

காலை 10.50. மன்னார் நகரம்.

தள்ளாடியில் இருந்து மூன்று கிலோமீற்றர் அளவு நீளமான கடல்வழிப் பாதையைக் கடந்தால் தீவு. அரபிகள் கொண்டுவந்ததாகச் சொல்லும் பெருக்கமரத்தையும் கழுதைகளையும் பற்றி எழுதாமல் மன்னாரைப் பற்றி எழுதக்கூடாது என்று ஒரு விதி இருக்கிறது போலும். மரத்தைத் தூரத்தில் கண்டேன், கழுதைகள் பஸ் நிலையத்துக்குள்ளேயே நின்றன. விதியை நிறைவேற்றிவிட்டேன்.

ஓட்டோக்காரர் நியாஸ் எனக்காகக் காத்து நின்றார். முப்பது வயதிருக்கும். எருக்கலம்பிட்டிக்காரர். தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது குடும்பத்தோடு புத்தளத்துக்குப் போய், அங்கேயே வளர்ந்து, கல்யாணம் கட்டி, இப்போது திரும்பி வந்து தகப்பனின் வளவில் ஒரு அறை எழுப்பியிருக்கிறார். இரண்டு நாளுக்கும் சேர்த்து நாலாயிரம் ரூபா என்று பேசினோம்.

“ஒரு கொண்டிசன் சேர். நாளைக்கு வெள்ளிக்கிழமை. பன்னிரண்டரைக்கு நான் ஜும்மாவுக்கு நிக்கணும்.”

சரி என்றேன். முதலில் பள்ளிமுனைக்குப் போய் மீன் வாடியில் ஐஸ் வாங்கினோம். ஐஸ் உடைத்தவர் எத்தனை கிலோ மீன் என்று கேட்டார். மீன் இல்லை, தண்ணீர் என்றேன். அவர் நியாஸின் முகத்தைப் பார்த்தார். நியாஸ் வானத்தைப் பார்த்தார்.

பிற்பகல் 4 மணிக்கு நகரத்து வாய்க்கால் கடலில் விழும் இடத்தில் முதல் மாதிரி எடுத்தேன். கபிலப் போத்தலை அந்தத் தண்ணீராலேயே மூன்று தரம் அலசி, வாயைக் கீழே பிடித்து அமுக்கி, ஓட்டத்துக்கு எதிராகத் திருப்ப வேண்டும். வெள்ளைப் போத்தலை அலசக்கூடாது. நாற்றத்தைப் பற்றி எழுதவேண்டாம் என்று நினைக்கிறேன். நியாஸ் மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டார்: “இதுக்கா சேர் யாழ்ப்பாணத்தில இருந்து வந்தீங்க? அங்க இல்லாத தண்ணியா?”

அங்கேயும் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை, காலை 6.45. கீரி.

இரவு தங்கிய அறைக்கு ஆயிரத்து இருநூறு ரூபா. மின்விசிறி சத்தம் மட்டும் போட்டது. விடிந்ததும் கீரிக் கடற்கரைக்குப் போய் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு ஒரு போத்தல் கடல்நீர் எடுத்தோம். அலையே இல்லாத, கண்ணாடித் தண்ணீர். முழங்கால் அளவில் நின்றபோது என் கால்விரல்கள் பத்தையும் எண்ண முடிந்தது. ஆனால் மருந்து கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் இந்தப் பெட்டி.

பிறகு தீவை விட்டுப் பெருநிலத்துக்குத் திரும்பினோம். தள்ளாடிச் சாவடியில் இறங்கிப் பதிய வேண்டியிருந்தது. பெட்டிக்குள் என்ன என்று சிப்பாய் சிங்களத்தில் கேட்டான். “வதுர, மாத்தயா,” என்றார் நியாஸ், தண்ணீர் என்று. சிப்பாய் மூடியைத் திறந்து பார்த்தான். தண்ணீராகவே இருந்தது. அவனுக்கு அது பிடிக்கவில்லை, ஆனாலும் விட்டுவிட்டான்.

காலை 8.40. குளக்கட்டு.

உயிலங்குளம் தாண்டி உள்ளே போனால், கட்டுக்கரைக் குளத்தில் இருந்து தண்ணீர் வாங்கும் சின்னக் குளங்கள் பல இருக்கின்றன. அவற்றில் ஒன்றின் கரையில் உள்ள ஊர் இது. பெயரை எழுதமாட்டேன், எழுதினால் அந்தக் குளத்து மீனை நாளைக்கு யாரும் வாங்கமாட்டார்கள். நெல் விதைக்கும் குடும்பங்கள். போரில் இடம்பெயர்ந்து, வன்னி முழுவதும் ஓடி, முகாமில் கிடந்து, மீளக் குடியேறி இரண்டு வருடம் ஆகிறது. குளிப்பது இந்தக் குளத்தில். கிணறு வற்றினால் குடிப்பதும் இதில்தான்.

துருசடியில், அதாவது வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் இடத்தில், இரண்டு போத்தல் நிரப்பினேன். உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் எழுந்து வந்து பார்த்தார். பெயர் தவமணி. முப்பத்தைந்து வயதுக்கு மேல் இராது. கணவர் வயலில் நிற்கிறார் என்றும் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகலாம் என்றும் சொன்னார். என்னிடம் நிரப்பவேண்டிய கேள்விப் படிவமும் இருந்தது. போனோம்.

தகரக் கொட்டில் ஒன்று, அதன் முன்னால் யன்னல் நிலை மட்டும் வைத்த வீட்டுத்திட்ட வீடு. வாசலில் பிளாஸ்ரிக் கதிரையில் ஒரு பெண்பிள்ளை, வலது காலைத் தூக்கி வேறொரு கதிரையில் வைத்தபடி. தவமணியின் மகள் நிரோஜா, பன்னிரண்டு வயது. பாதத்தில் கட்டு. நான் மருந்தாளராக இருந்தவன், கட்டின் நிறத்தைப் பார்த்தாலே போதும். ஒன்றும் கேட்காமல் படிவத்தை எடுத்தேன். கேட்டிருக்க வேண்டும்.

“மிஞ்சின மருந்தை என்ன செய்யிறனீங்கள்?” இது ஒன்பதாவது கேள்வி. விடைக்கு ஐந்து பெட்டிகள்: குப்பையில், எரித்து, புதைத்து, மலகூடத்தில், திருப்பிக் கொடுத்து.

“தண்ணியில விட்டனாங்கள்,” என்றார் தவமணி.

“குளத்துக்குள்ள எறிஞ்சனீங்களோ?”

“எறியேல்லை ஐயா.” அவருக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. “வெத்திலையில வைச்சு, கற்பூரம் கொளுத்தி, கும்பிட்டு விட்டனாங்கள்.”

அதற்குப் பெட்டி இல்லை.

அவர் பொறுமையாகச் சொன்னார். ஓடித்திரிந்த காலத்தில் ஒவ்வொரு குடும்பத்திடமும் ஒரு பை இருந்தது. அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், பிள்ளைக்கு ஒரு உடுப்பு, மருந்து. எழும்பி ஓடுவதென்றால் அதை மட்டும் தூக்கினால் போதும். முகாமிலும் அது தலைமாட்டில் இருந்தது, ஊருக்கு வந்தபிறகும் ஒரு வருடம் இருந்தது. போன ஆவணியில் வீட்டுக்குக் கல் வைத்தார்கள். இனி ஓடுவதில்லை என்று சொல்லி, பதினொரு வீட்டுப் பெண்களும் ஒரே நாளில் பைகளைக் கொட்டினார்கள். பத்திரங்கள் அலுமாரிக்குப் போயின. பழைய குளிசைகள் மிஞ்சின.

“சாமிப் படம் கிழிஞ்சா, மாலை வாடினா, காலில படாமல் தண்ணியிலதானே விடுறது? உயிர் காத்த மருந்தைக் குப்பையில போட்டுக் கோழி கிளற விடேலுமோ?”

நியாஸ் தலையாட்டினார். “எங்கட ஆக்களும் அப்படித்தான் சேர். கிழிஞ்ச ஓதுற தாளைக் கடல்ல விடுவம், இல்லாட்டி மண்ணுக்குள்ள வைப்பம்.”

“இவள் அந்த மருந்தாலதான் மிஞ்சினவள்,” என்று தவமணி மகளைக் காட்டினார். “எட்டு வயசு. நெஞ்சில சளி கட்டி மூச்சு விட ஏலாமல் கிடந்தவள். ஒரு பள்ளிக்கூடத்துக்குள்ள ஆஸ்பத்திரி நடத்தினவை. அங்க யன்னலில நிண்ட ஐயா குளிசை தந்தவர். ‘மிஞ்சினா எறியாதேங்கோ, பையில வைச்சிருங்கோ, நாளைக்கு எங்க நிப்பமோ தெரியாது’ எண்டும் சொன்னவர். அதாலதான் வைச்சிருந்தனான்.”

எனக்குக் காது சூடாகியது. நானும் அப்போது வன்னியில்தான் வேலை செய்தேன். பள்ளிக்கூடத்துக்குள் ஆஸ்பத்திரி நடந்த இடங்கள் வன்னியில் பல. யன்னலில் நின்றவர்களும் பலர். இப்படிச் சொல்லாத மருந்தாளர் அப்போது யார் இருந்திருப்பார்? என்னை நானே சமாதானம் செய்துகொண்டு தேத்தண்ணியைக் குடித்தேன்.

அப்போதுதான் அவர் காலைப் பற்றிப் பேசினார். ஐந்து கிழமைக்கு முன்னால் குளத்துக்குள் ஏதோ குத்தியது. கிளினிக்கில் ஒரு குளிசை கொடுத்தார்கள், பிறகு வேறொன்று. காயம் ஆறவில்லை. மன்னாரில் சீழை எடுத்துச் சோதித்துவிட்டு, இந்தக் கிருமிக்கு வழமையான மருந்து பிடிக்காது, திங்கட்கிழமை வார்ட்டில் நிறுத்தி ஊசி போடவேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள்.

“ஐயா, ஒண்டு கேக்கட்டோ? அந்த மருந்தெல்லாம் குளத்தில கரைஞ்சு, அந்தத் தண்ணிக்க நிண்ட கிருமிதான் பிள்ளையின்ர காலுக்குள்ள போனதோ? நான் விட்டதாலதானோ?”

இரண்டு நாளாக நான் சுமந்து திரிந்த பெட்டியின் கேள்வியை அவர் ஒரே மூச்சில் கேட்டுவிட்டார்.

எனக்குத் தெரிந்த விடையைச் சொன்னேன். பதினொரு பை மருந்து இவ்வளவு பெரிய குளத்துக்குக் கொஞ்சம்தான். நாங்கள் விழுங்கும் மருந்திலேயே நிறையப் பங்கு அப்படியே சிறுநீரோடு வெளியே வருகிறது. அது மலகூடத்தில் இருந்து, வாய்க்காலில் இருந்து, மழையோடு, எல்லாத் தண்ணீருக்கும் போகிறது. தண்ணீரில் கலந்து மெலிந்த மருந்து கிருமியைக் கொல்வதில்லை, பழக்கிவிடுகிறது. சின்ன வயதில் இருந்து காரம் தின்றவனை மிளகாய் ஒன்றும் செய்யாது அல்லவா, அதுபோல. குளத்துப் பாசியையும் மீனுக்கு இரையாகும் சின்ன உயிர்களையும் அது என்ன செய்கிறது என்பது வேறு கதை. இவற்றில் எது பிள்ளையின் காலுக்குள் போனது என்று என்னால் சொல்ல முடியாது, இந்தப் போத்தலாலும் சொல்ல முடியாது. உங்களுடைய பிழை என்று யாரும் சொல்ல முடியாது.

எல்லாம் உண்மை. ஆனால் அவருடைய முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. எழுந்து உள்ளே போனார். சாமித் தட்டில் இருந்து ஒரு சொப்பிங் பையை எடுத்துவந்து என்னிடம் தந்தார்.

“ஒண்டை மட்டும் விடேல்லை ஐயா. இவளுக்குத் தந்ததில மிஞ்சினது. மனம் வரேல்லை.”

உள்ளே ஒரு காகித உறை. மருந்து உறைகள் முடிந்துபோய், பள்ளிக்கூடத்தில் கிடந்த சோதனைத் தாள்களை மடித்து உறை செய்த காலம் அது. ஏழாம் ஆண்டுக் கணக்குத் தாள். மறுபக்கத்தில் நீலப் பேனையால் மூன்று படம்: காலைக்குப் பாதிச் சூரியன், மத்தியானத்துக்கு முழுச் சூரியன், இரவுக்குப் பிறை. எழுத்து வாசிக்கத் தெரியாதவர்களுக்காகக் கீறுவது. முழுச் சூரியனுக்கு ஒன்பது கதிர்கள். பத்தாவதுக்கு எனக்கு எப்போதும் இடம் போதாமல் போகும்.

உறையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்திருக்கலாம். பதினொரு மணியாகப் போகிறது, நியாஸுக்கு ஜும்மா இருக்கிறது, சாட்டுக்குக் குறைவில்லை. எழுந்திருக்க முடியவில்லை.

“தங்கச்சி, இது நான் கீறினது. அந்த யன்னலில நிண்டது நான்தான். வைச்சிருங்கோ எண்டு சொன்னதும் நான்தான்.”

அவர் என் முகத்தை வடிவாகப் பார்த்தார். ஞாபகம் வந்ததாகத் தெரியவில்லை. அந்த வரிசையில் நின்றவர்கள் குளிசையைப் பார்த்தார்களே தவிர முகத்தையா பார்த்தார்கள்? நிரோஜாதான் உறையை எட்டி வாங்கிக் கதிர்களை விரலால் எண்ணினாள்.

தவமணி சொன்னார்: “நீங்கள் அண்டைக்குப் பிழையாச் சொல்லேல்லை ஐயா. அண்டைக்கு அது சரிதான். பிறகு ஒருத்தரும் வந்து, இனி வைச்சிருக்கத் தேவையில்லை, இப்பிடிச் செய்யுங்கோ எண்டு சொல்லேல்லையே.”

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அவர் உறையை மகளிடம் இருந்து வாங்கி என் கையில் வைத்தார். “இதையும் கொண்டுபோங்கோ. எங்க போடோணுமெண்டு உங்களுக்குத் தெரியும்தானே.”

“ஓம்,” என்றேன்.

பிறகு நான் செய்த ஒரே உருப்படியான காரியம், திங்கட்கிழமை வரை காத்திருக்க வேண்டாம் என்று சொன்னதுதான். பாதம் கணுக்கால் வரை வீங்கியிருந்தது. ஓட்டோவில் நான் முன்னால் நியாஸின் பக்கத்தில் அரைக் குந்தில் இருக்க, பின்னால் தாயும் மகளும், மகளின் கால் என் ஐஸ் பெட்டியின் மேல். மன்னாருக்கு இருபத்திரண்டு கிலோமீற்றர். 12.10க்கு மன்னார் ஆஸ்பத்திரி வாசலில் இறங்கினோம். அன்றே வார்ட்டில் எடுத்துக்கொண்டார்கள். நியாஸ் எங்களை இறக்கிவிட்டுப் பள்ளிவாசலுக்கு விரைந்தார். திரும்பி வந்து பிள்ளைக்காகவும் துஆ கேட்டதாகச் சொன்னார்.

பிற்பகல் 2.15. பஸ்ஸில்.

பஸ் புறப்பட முன்னர் ஒரு மருந்துக்கடையில் உறையைக் காட்டி, காலாவதியான மருந்தை எடுப்பீர்களா என்று கேட்டேன். அங்கே நின்றவர் சிரித்தார். “நாங்களே எங்கடையை என்ன செய்யிறதெண்டு தெரியாமல் இருக்கிறம் ஐயா.” பூநகரியில் பஸ் நின்ற இடத்தில் ஒரு குப்பைத் தொட்டி இருந்தது, அதற்குள் ஒரு மாடு தலையை விட்டு மேய்ந்துகொண்டிருந்தது. சங்குப்பிட்டிப் பாலத்தில் யன்னல் ஓரம் இருந்தபோது, கீழே தண்ணீரைப் பார்த்துக் கை ஒரு கணம் சட்டைப் பையைத் தொட்டது. முன் இருக்கையில் இருந்தவர் வெற்றிலைத் துப்பலை யன்னலால் விட்டபோது கையை எடுத்துவிட்டேன்.

தண்ணீர் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. முடிவு வரச் சில மாதம் ஆகும். உறையைப் பல்கலைக்கழகத்தில் கேட்டேன், அது ஆய்வில் சேராது என்றார்கள். எரிக்கலாம் என்று படித்திருக்கிறேன், ஆனால் அதற்கு வேண்டிய சூடு என் வீட்டு அடுப்பில் இல்லை. புதைக்கலாம் என்றால் எங்கள் வளவில் கிணற்றுக்கும் மலகூடக் குழிக்கும் இடையில் நாற்பது அடிதான், நடுவில் இருப்பது சுண்ணாம்புக் கல், தண்ணீர் தாராளமாகப் போய்வரும். போன மாதம் பல்லுவலிக்கு நான் விழுங்கிய மருந்தைக் குடும்பமே குடித்திருக்கும். யாழ்ப்பாணத்தில் இல்லாத தண்ணீரா என்று நியாஸ் கேட்டதற்கு விடை இதுதான்.

மூன்று கிழமை கழித்துத் தவமணி தொலைபேசியில் பேசினார். ஊசி பிடித்திருக்கிறது, காயம் காய்ந்துவிட்டது, பிள்ளை பள்ளிக்கூடம் போகிறாள். என்ன ஊசி என்று கேட்டேன். பெயரைச் சொன்னார். நான் வன்னியில் கண்ணாலும் காணாத, வேறொன்றும் பிடிக்காதபோது மட்டும் எடுக்கும் மருந்து. பிள்ளை பிழைத்ததில் எனக்கு உண்மையிலேயே பெரிய சந்தோசம். அந்த மருந்தும் எந்தத் தண்ணீருக்குப் போயிருக்கும் என்று நினைத்ததையும் இங்கே மறைக்கவில்லை.

“ஐயா, அந்தக் குளிசையை எங்க போட்டனீங்கள்?” என்று அவர் கேட்டார். “இஞ்ச இன்னும் நாலு வீட்டில பழைய மருந்து கிடக்காம். நீங்கள் சொன்னதை நான் போய்ச் சொல்ல, குளத்தில விடாமல் வைச்சிருக்கினம். என்ன செய்யிறதெண்டு கேக்கினம்.”

உறை அப்போது என் அலுமாரியின் மேல்தட்டில் இருந்தது. இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது.

“இப்போதைக்கு எறியாதேங்கோ எண்டு சொல்லுங்கோ, தங்கச்சி,” என்றேன். “பையில வைச்சிருக்கட்டும்.”